ஜான்ஸ்டன் சிட்டி: மினசோட்டா ஃபேட்ஸும் அவரை ஜெயித்தவர்களும்

மினசோட்டா ஃபேட்ஸ்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய பூல் (மேசையில் குச்சியால் பந்தை அடித்துக் குழியில் போடும் ஆட்டம்) சாம்பியனா, அவரும் மற்ற ஹஸ்லர்களும், அதாவது பணம் வைத்து ஆடிப் பிழைத்தவர்களும், கூடிய ஜான்ஸ்டன் சிட்டி கிளப் எப்படிப்பட்ட இடம், அங்கே வழக்கமாக யார் யார் ஆடினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஜான்ஸ்டன் சிட்டியில் 1961 முதல் 1972 வரை போட்டி நடந்தது, ஒரு வருடம்கூட ஃபேட்ஸ் பட்டம் வாங்கவில்லை. அங்கே மட்டுமில்லை, பெரிய போட்டி எதிலுமே அவர் ஜெயித்ததில்லை. ஆனால் அங்கே வந்து நிஜமாகவே ஜெயித்துவிட்டுப் போன அத்தனை பேரையும் ஊர் மறந்துவிட்டது, இவர் பெயர் மட்டும் நிற்கிறது. இது அநியாயம் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பல் பாதிதான் நியாயமாகப் படுகிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஊர். இல்லினாய் என்றதும் நம் ஆட்களுக்கு சிகாகோதான் ஞாபகம் வரும். ஜான்ஸ்டன் சிட்டி அங்கிருந்து தெற்கே காரில் ஐந்து மணி நேரம், கென்டக்கி எல்லைக்குப் பக்கம். அந்தத் தென்கோடிப் பகுதிக்கே லிட்டில் ஈஜிப்ட் என்று பெயர், கெய்ரோ, தீப்ஸ், கர்னாக் என்றெல்லாம் ஊர்கள் உண்டு. நான் படித்த கார்பன்டேல் பக்கத்தில்தான். அதனால் இந்தக் கதைகளில் பாதி அங்கே பூல் ஹாலில் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டது, மீதி பிறகு தேடித் தேடிப் படித்தது. நிலக்கரிச் சுரங்க ஊர்கள். வில்லியம்சன் கவுண்டி என்ற அந்த மாவட்டத்துக்கு ரத்தக் கறை படிந்த சரித்திரமே இருக்கிறது: 1922-ல் ஹெரினில் வேலைநிறுத்தக்காரர்களுக்கும் வெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட ஆட்களுக்கும் நடந்த கொலைகள், அதற்கப்புறம் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டைகள், அதில் பேர்போன சார்லி பர்கர் 1928-ல் பக்கத்து ஊரான பென்டனில் தூக்கிலிடப்பட்டது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நாலு பேர் கூடி விடிய விடியப் பணம் வைத்து ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த ஊரில் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் ஜார்ஜ் ஜான்ஸ்கோ, பாலி ஜான்ஸ்கோ என்று அண்ணன் தம்பி இருவர் பார் நடத்தினார்கள். ஷோ பார் என்று பெயர். அதை ஒட்டி, பூல் ஆடுவதற்கென்றே சிமென்ட் செங்கல்லில் ஒரு கட்டடம் எழுப்பி கியூ கிளப் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் இடம். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இருந்த பழைய பூல் ஹால்கள் மாதிரி உயரமான கூரை, பித்தளை விளக்கு, மார்பிள் படி எதுவும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு என்றுதான் நினைப்பீர்கள்.

அப்போது பூல் ஆட்டமே படுத்துக் கிடந்தது. இரண்டாம் உலகப்போர் வரை ஓஹோ என்று ஓடிய தொழில் அது, ஊருக்கு ஊர் ஹால்கள், படைமுகாம் இருக்கும் ஊரென்றால் கேட்கவே வேண்டாம். போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு புறநகரில் வீடு வாங்கி டிவி முன்னால் உட்கார்ந்ததும் ஹால்கள் ஒவ்வொன்றாக மூடின. பெரிய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிட்டார்கள். அப்படி ஒதுங்கியவர்களில் ஒருவர்தான் ருடால்ஃப் வாண்டெரோன். 1913-ல் நியூயார்க்கில் பிறந்தவர், பெரிய உடம்பு, அதனால் அப்போது நியூயார்க் ஃபேட்ஸ் என்று பெயர். பின்னாளில் மினசோட்டா ஃபேட்ஸ் ஆனது இவர்தான். இந்தப் பக்கம் சுற்ற வந்த இடத்தில் ஈவ்லின் என்ற பெண்ணைச் சந்தித்து 1941-ல் கல்யாணம் செய்துகொண்டு, டவல் என்ற சின்ன ஊரில் தங்கிவிட்டார். வீடு நிறைய நாயும் பூனையும். வெள்ளி டாலரைவிடக் கனமான எதையும் என் புருஷன் தூக்கியதில்லை என்று ஈவ்லின் சொல்வாராம். டயர் பஞ்சரானால் மாற்றுவது அந்த அம்மாதான், ஐயா பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்.

ஜார்ஜ் ஜான்ஸ்கோவுக்கு ஹஸ்லர்களின் கதைகளைக் கேட்பதில் தீராத ஆசை. யார் உண்மையிலேயே பெரிய ஆள் என்று அவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் வேறு. சரி, எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே கூட்டி வந்து ஆடவிட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. 1961-ல் முதல் போட்டி, ஒன் பாக்கெட் ஆட்டம் மட்டும் (அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்). ஜெயித்தது ஜானி வீவிஸ். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதுதான் நான் முதலில் சொன்ன விஷயம். அடுத்த வருடத்திலிருந்து ஒன் பாக்கெட், நைன் பால் (ஒன்பதாம் எண் பந்தைப் போடுபவர் ஜெயிக்கும் ஆட்டம்), ஸ்ட்ரெயிட் பூல் (போடும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி) என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர்கள் கடைசியில் ஒட்டுமொத்தப் பட்டத்துக்காக மோதுவார்கள். இலையுதிர் காலத்தில் வாரக்கணக்கில் நடக்கும்.

போட்டி என்பது சாக்கு. ஆட்டக்காரர்கள் பரிசுப் பணத்துக்காக அவ்வளவு தூரம் வரவில்லை. பகலிலும் மாலையிலும் நடுவர் வைத்து, டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் முன்னால் மரியாதையாக ஆட்டம் நடக்கும். அது முடிந்து பார்வையாளர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் கடை திறக்கும். ராத்திரி பன்னிரண்டு ஒரு மணிக்கு மேல் ஆரம்பித்துக் காலை வெயில் வரும் வரைக்கும். போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போன ஆள் ராத்திரி ஆட்டத்தில் அந்த வருடம் முழுவதற்குமான செலவைச் சம்பாதித்துக்கொண்டு போவதும் உண்டு, பட்டம் வாங்கியவர் பெட்ரோலுக்குக் கடன் கேட்பதும் உண்டு.

ராத்திரிப் பணம் எப்படிப் புரண்டது என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இது புரியாவிட்டால் அந்த ஹாலே புரியாது. ஹஸ்லர் என்றால் ஆட்டம் தெரியாதவன் போல நடித்து வெளியூரில் ஏமாற்றுபவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஜான்ஸ்டன் சிட்டியில் அந்த நடிப்பு செல்லாது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே வித்தை முழுக்க ஆட்டத்தைப் பேசி முடிப்பதில்தான். நீ எனக்கு எத்தனை விட்டுக்கொடுப்பாய், எந்த ஆட்டம், எவ்வளவு பணம், யார் முதலில் அடிப்பது என்று மணிக்கணக்கில் பேரம் நடக்கும். ஒன் பாக்கெட்டில் ஜெயிக்க எட்டுப் பந்து போட வேண்டும், நான் எட்டு போடுகிறேன் நீ ஆறு போட்டால் போதும் என்பது சாதாரணமான ஒரு பேரம். அந்த எட்டுக்கு ஆறு எட்டுக்கு ஏழாக மாறினால் அதிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது, மேசைக்குப் போய்ப் பந்தை அடிப்பதெல்லாம் சடங்கு. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் கையில் காசில்லாதவர்கள். பின்னால் ஒரு பணக்காரர் இருப்பார். தோற்றால் மொத்த நஷ்டமும் அவருடையது, ஜெயித்தால் லாபத்தில் ஆட்டக்காரருக்குப் பங்கு. அப்புறம் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் பந்தயம் தனி. பணம் போட்டவருக்குத் தெரியாமல் எதிராளியோடு பேசி வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தோற்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் பணம் போட்டவர் மேசையைப் பார்ப்பதைவிடத் தன் ஆட்டக்காரரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள்.

ஒன் பாக்கெட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஹாலின் உயிரே அதுதான். ஒன்பதடி நீளம் நாலரையடி அகலம் மேசை, ஆறு குழி, பதினைந்து பந்து. ஆனால் பந்துகளை அடுக்கியிருக்கும் பக்கத்து மூலைக் குழி இரண்டுதான் கணக்கு, ஒன்று உங்களுக்கு, மற்றது எதிராளிக்கு. மற்ற நான்கு குழியில் விழுந்தால் யாருக்கும் பயனில்லை, எடுத்து மேசையில் திரும்ப வைத்துவிட வேண்டும். யார் முதலில் தன் குழியில் எட்டுப் பந்து போடுகிறாரோ அவர் ஜெயித்தார். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர், வாலிபத்தில் கியூ கிளப்பில் உட்கார்ந்து பார்த்தவர், முதல் நாள் என்னைப் பந்தே போட விடவில்லை. ஒரு பந்தை என் குழிக்கு ஒரு சாண் முன்னால் வைத்தார், குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தை மற்ற பந்துகளின் கூட்டத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்தார், இப்போது என்ன செய்வாய் என்றார். நான் அந்தப் பந்தைப் போடுவதற்கு எந்தக் கோணத்தில் அடிக்கலாம் என்று குனிந்து பார்த்தேன். அவர் குச்சியால் லேசாகத் தட்டி, வெள்ளைப் பந்தை ஒரு பந்தின் முதுகில் உரச விட்டு இரண்டு அங்குலம் மட்டும் நகர்த்தி, இன்னொரு பந்தின் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, உன் பந்து அங்கேயே இருக்கட்டும், எங்கேயும் ஓடிவிடாது, இப்போது எதிராளி என்ன செய்வான் என்று பார் என்றார். எதிராளியிடம் நல்ல அடி எதுவும் இல்லை. எதை அடித்தாலும் ஏதோ ஒரு பந்து என் பக்கம்தான் உருளும். அந்த ஆட்டம் முழுக்க இப்படித்தான், ஒரு பந்துக்காக இருபது நிமிடம் நகர்த்தி நகர்த்தி ஆடுவார்கள். எதிராளி பொறுமை இழந்து ஒரே ஒரு தடவை துணிந்து அடித்துத் தவறினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எட்டும் போய்விடும். பெரிய பந்தயங்கள் இந்த ஆட்டத்தில் நடந்ததற்குக் காரணமும் இதுதான். பந்து போடுவதில் சுமாரானவர்கூட புத்தியால் ஜெயிக்கலாம் என்று தோன்றும், அதனால் பேரம் படியும்.

சரி, ஆட்களுக்கு வருகிறேன்.

ஜான்ஸ்டன் சிட்டியின் ராஜா என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் லூதர் லாஸிட்டர்தான். வட கரோலினாவில் எலிசபெத் சிட்டிக்காரர். சின்ன வயதில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டதில் விம்பி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. போர்க்காலத்தில் கடலோரக் காவல்படையில் இருந்தபோது வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் கப்பல்படைக்காரர்களின் காசெல்லாம் நைன் பால் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தது, லாஸிட்டர் அங்கே சம்பாதித்தது பெரிய பணம். ஃபேட்ஸும் அப்போது அங்கேதான். ஜான்ஸ்டன் சிட்டிக்கு லாஸிட்டர் வரும்போது தலை நரைத்துவிட்டது. வந்தவுடனே புலம்ப ஆரம்பிப்பார், தலைவலி, வயிறு சரியில்லை, கண் தெரியவில்லை, ராத்திரி தூக்கமில்லை. முதல் தடவை பார்ப்பவர்கள் பாவம் இந்த மனிதர் இன்றைக்கு ஆட மாட்டார் என்று நினைப்பார்களாம். அப்புறம் குனிந்து நைன் பால் ஆட ஆரம்பித்தால் எழுந்திருக்க மாட்டார். 1962-ல் ஒட்டுமொத்தப் பட்டம் அவருக்குத்தான், அதற்குப் பிறகும் பல தடவை ஜெயித்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1988-ல் எலிசபெத் சிட்டி வீட்டில், தன் பூல் மேசைக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தார்.

பேங்க் ஆட்டத்தில் நாக்ஸ்வில் கரடி என்று பெயர் வாங்கிய எடி டெய்லரை அடிக்க ஆளில்லை. பேங்க் என்றால் பந்தை நேராகக் குழியில் போடக் கூடாது, மேசையின் விளிம்பில் மோதித் திரும்பித்தான் விழ வேண்டும். கேரம் ஆடுகிறவர்களுக்கு உடனே புரியும், பட்டையில் அடித்து எதிர்க் குழியில் காய் போடுகிறோமே அதையே ஒவ்வொரு அடியிலும் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் ஷார்ட்டி என்ற லாரி ஜான்சன் குள்ளமான மனிதர், ஒன் பாக்கெட்டிலும் பெரிய ஆள், குழியே இல்லாத மேசையில் ஆடும் த்ரீ குஷனிலும் தேசிய அளவில் ஜெயித்தவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் ஆடுவது எவ்வளவு அபூர்வம் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜெர்சி ரெட் என்ற ஜாக் ப்ரைட் நூவர்க்கிலிருந்து வந்த சிவப்புத் தலைக்காரர், வாய் ஓயாது, வேகமாக ஆடுவார். 1969-ல் அமெரிக்க ஓபன் பூல் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய் லாஸிட்டரிடம் தோற்றார். பிறகு ஹூஸ்டனில் குடியேறி அங்கேயே இருந்தார். இன்னொரு சிவப்புத் தலைக்காரர் டெட்ராய்டின் கார்ன்பிரெட் ரெட், நிஜப் பெயர் பில்லி பர்ஜ். கோப்பையைவிடக் கட்டுக் கட்டான நோட்டுதான் அவருக்கு முக்கியம், அதனால் பட்டங்களின் பட்டியலில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். பணம் வைத்து ஆடியவர்களைக் கேட்டால் முதல் ஐந்து பெயருக்குள் சொல்வார்கள்.

பில் ஸ்டேட்டன் என்று ஒருவர், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் வீனி பீனி என்று ஹாட் டாக் கடைகள் நடத்தியவர். கடையின் பெயரே அவருக்கும் பட்டப்பெயராகிவிட்டது. பகலில் வியாபாரி, ராத்திரி சூதாடி, இரண்டிலும் கெட்டிக்காரர். நூறு பேர் காசில்லாமல் சுற்றும் இடத்தில் சொந்தக் காசில் ஆடக்கூடிய ஆட்டக்காரர் என்றால் அவருக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹியூபர்ட் கோக்ஸ் இதைவிட ஒரு படி மேல். எண்ணெய்க் கிணற்றில் பணம் பார்த்தவர், மொட்டைத் தலை, அதனால் காமிக்ஸ் கதையில் வரும் மொட்டைத் தலைப் பணக்காரர் பெயரில் டாடி வார்பக்ஸ் என்று கூப்பிடுவார்கள். ஒன் பாக்கெட்டை நன்றாகவே ஆடுவார். அவருடைய பழைய கூட்டாளி டைட்டானிக் தாம்சன், கோல்ஃப், சீட்டு, எதற்கும் பந்தயம் கட்டும் பேர்வழி, எழுபதைத் தாண்டிய வயதிலும் ஜான்ஸ்டன் சிட்டியில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

ரோனி ஆலன் வந்ததும் ஒன் பாக்கெட் ஆட்டமே மாறியது. அதுவரை எல்லோரும் நான் மேலே சொன்ன மாதிரி நகர்த்தி நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர் பலமாக அடித்துக் கூட்டத்தை உடைத்து, எதிராளி கனவில்கூட நினைக்காத பந்தைக் குழிக்கு அனுப்புவார். பேச்சும் அதே வேகம், ஒரு கையால் ஆடுகிறேன் வருகிறாயா என்பார். பழைய ஆட்கள் இது ஆட்டமே இல்லை, காட்டடி என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே தோற்றார்கள்.

ஆனால் அந்த ஹாலில் ஆடியவர்களிலேயே ரொம்பப் பெரியவர் யார் என்று என்னைக் கேட்டால் நான் ஹெரால்ட் வொர்ஸ்ட் என்பேன். இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ்காரர், 1954-ல் அர்ஜென்டினாவுக்குப் போய் த்ரீ குஷன் உலகப் பட்டத்தை வாங்கி வந்தவர். குழியுள்ள மேசை அவருடைய ஆட்டமே இல்லை. அப்படிப்பட்டவர் 1965-ல் ஜான்ஸ்டன் சிட்டிக்கு வந்து, இந்த ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களை அவர்களுடைய மேசையிலேயே அடித்து ஒட்டுமொத்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரியிலும் பணத்துக்கு ஆடினார், அதிலும் பயப்பட வைத்தார். அடுத்த வருடமே, 1966-ல், புற்றுநோயில் போய்விட்டார். நாற்பதுகூட ஆகவில்லை. இருந்திருந்தால் லாஸிட்டரின் பட்டங்களில் சிலது இவருடையதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இத்தனை பேரில் ஃபேட்ஸ் எங்கே என்று கேட்கிறீர்களா? நடுக்கூடத்தில், நாற்காலியில், பேசிக்கொண்டு. 1959-ல் வால்டர் டெவிஸ் எழுதிய நாவலில் மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். 1961 செப்டம்பரில் அது படமாக வந்தது, ஜாக்கி கிளீசன் அந்த வேடம், பால் நியூமன் கதாநாயகன், பூல் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தது வில்லி மோஸ்கோனி. படம் ஓட ஓட, நம்ம நியூயார்க் ஃபேட்ஸ் அந்த ஆள் நான்தான், என்னைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று சொல்லிக்கொண்டு மினசோட்டா ஃபேட்ஸ் ஆகிவிட்டார். அந்தப் பாத்திரம் என் கற்பனை என்று டெவிஸ் மறுத்துக்கொண்டே இருந்தார், யார் காதில் விழுந்தது? ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை ஆள் ஜான்ஸ்டன் சிட்டிக்கு வந்தால் முதலில் சிக்குவது ஃபேட்ஸ். ஏபிசி தொலைக்காட்சி கேமராவோடு வந்தாலும் ஃபேட்ஸ். ராஜாக்களோடு ஆடினேன், கடல் தாண்டி எல்லா நாட்டிலும் ஆடினேன், பணம் மேசையில் இருந்தால் தோற்றதே கிடையாது என்று அள்ளி விடுவார். பொய்யென்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருக்கும்.

ஆடவே தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன் பாக்கெட்டில் நல்ல கை, பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, தனக்குச் சாதகமில்லாத ஆட்டத்தில் போய் உட்காரவே மாட்டார். தோற்றதே இல்லை என்ற பெருமைக்கு அடியில் இருக்கும் ரகசியம் அதுதான். போட்டியில் இந்த வித்தை பலிக்காது, எதிரே யார் வருகிறார்களோ அவர்களோடு சரிசமமாக ஆட வேண்டும், அதனால் ஜெயிக்கவில்லை.

மோஸ்கோனிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. அவர் உலகப் பட்டங்களை வரிசையாக வாங்கியவர், 1954-ல் ஓஹாயோவில் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் தவறாமல் 526 பந்து போட்டவர், கோட்டும் டையுமாக நிற்பவர். பூல் என்றாலே சூதாட்டம், ஹஸ்லர் என்று ஜனங்கள் நினைப்பதற்கு ஃபேட்ஸ் மாதிரி ஆட்கள்தான் காரணம் என்ற கோபம். கடைசியில் 1978 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சி இருவரையும் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மோதவிட்டது, வர்ணனை ஹோவர்ட் கோசெல். ஆட்டத்தை மோஸ்கோனி ஜெயித்தார். ஃபேட்ஸ் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார், மோஸ்கோனிக்குக் கடுப்பு ஏற ஏறக் கூட்டம் சிரித்தது. ஜெயித்தவரை விட்டுவிட்டுத் தோற்றவரைச் சுற்றித்தான் ஜனம் கூடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் பழைய ஆட்டக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம். ஃபேட்ஸின் வாய் இல்லாவிட்டால் அந்தச் சுரங்க ஊருக்கு எந்தக் கேமராவும் வந்திருக்காது. கேமரா வரவில்லை என்றால் ஊர் ஊராகப் பணக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள், அவர்கள் வராவிட்டால் ராத்திரி மேசையில் பணமே இருந்திருக்காது. லாஸிட்டரும் டெய்லரும் அந்தப் பத்து வருடம் சாப்பிட்ட சாப்பாட்டில் ஃபேட்ஸின் பொய்க்கும் பங்கு உண்டு. இது பல பேருக்குப் பிடிக்காத கணக்கு. ஆனால் ஒன்று, அவர் பேர் வாங்கியதால் ஜானி வீவிஸ் மறக்கப்பட்டார் என்பதையும் நான் மறுக்கவில்லை.

பேசுகிற பேச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோட் டை போட்ட சங்கத்தார் ஹஸ்லர்களைக் கேவலமாகப் பேசிய அதே காலத்தில்தான், சிசெரோ மர்ஃபி என்ற கறுப்பின ஆட்டக்காரரை வருடக்கணக்காக உலகப் போட்டிக்கு அழைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1965-ல் கலிபோர்னியாவின் பர்பேங்கில் ஒரு வழியாக ஆட விட்டபோது போன முதல் தடவையே பட்டத்தை ஜெயித்தார். மரியாதைப்பட்ட ஆட்டம் எது என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1965-லிருந்து லாஸ் வேகாஸில் ஸ்டார்டஸ்ட் ஹோட்டலிலும் போட்டி நடத்தினார்கள். பணம் அங்கே அதிகம், ஆனால் வேகாஸில் ஆட்டக்காரன் பூலில் ஜெயித்ததை நாலடி தள்ளியிருக்கும் தாயக்கட்டை மேசையில் விட்டுவிடுவான். ஜான்ஸ்டன் சிட்டியில் பணம் ஆட்டக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் ஆட்டமும் நிற்காது. அறுபதுகளின் கடைசியில் ஜார்ஜ் இறந்தார், பாலி தொடர்ந்து நடத்தினார். இதற்குள் சட்டமும் மாறியிருந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து நடத்தும் சூதாட்டத்தில் ஒரே நாளில் 2,000 டாலர் புரண்டால் அது மத்திய அரசுக் குற்றம் என்று 1970-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். மாஃபியாவைப் பிடிக்க வந்த சட்டம். 1972-ல் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மத்திய அரசு அதிகாரிகள் உள்ளே புகுந்து ஆட்களைக் கைது செய்தார்கள். உள்ளூர் போலீஸ் பத்து வருடம் கண்டுகொள்ளாததை அவர்கள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டார்கள். அதோடு ஜான்ஸ்டன் சிட்டி போட்டி நின்றது.

அந்தக் கடைசி வருடங்களில் ஆடிய மூவரின் குரலை நீங்கள் வீடியோவில் இன்றைக்கும் கேட்கலாம். பில்லி இன்கார்டோனா, கிரேடி மேத்யூஸ், டேனி டிலிபெர்ட்டோ மூவரும் பிற்பாடு, பூல் ஆட்டங்களைப் பதிவு செய்து வெளியிடும் அக்யூ ஸ்டாட்ஸ் நிறுவனத்தின் வீடியோக்களில் வர்ணனையாளர்கள் ஆனார்கள். டிலிபெர்ட்டோ முன்னாள் குத்துச்சண்டை வீரர், கை உடைந்ததால் இரண்டு கையாலும் ஆடப் பழகியவர். ஒன் பாக்கெட் வீடியோ நீளமாக இழுக்கும்போது, மேசையில் ஒன்றும் நடக்காத அந்தப் பத்து நிமிடத்தில், இவர்கள் பழைய கதைக்குப் போய்விடுவார்கள். யார் யாருக்கு எத்தனை பந்து விட்டுக்கொடுத்தார், யார் பணம் போட்டார், எப்படி ஏமாந்தார் என்று. புத்தகத்தில் படிப்பதைவிட அது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒருவர் சொல்லும்போதே மற்றவர் அப்படியில்லை என்று குறுக்கே பாய்வார்.

ஃபேட்ஸ் பிறகு ஈவ்லினைப் பிரிந்து நாஷ்வில்லுக்குப் போய் ஹெர்மிடேஜ் ஹோட்டலில் தங்கினார். அங்கேயும் வழிப்போக்கர்களிடம் கதை சொல்லிக்கொண்டு, கையெழுத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்துக்கொண்டு காலத்தைக் கழித்தார். 1996 ஜனவரியில் இறந்தார்.

இப்போது அந்த மாதிரி இடம் இருக்கிறதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கிட்டத்தட்ட இருக்கிறது. 1999-லிருந்து ஜனவரி மாதம் நடக்கும் டெர்பி சிட்டி கிளாசிக், கென்டக்கியின் லூயிவில் பக்கம் தொடங்கியது. பேங்க், ஒன் பாக்கெட், நைன் பால் மூன்றும் உண்டு, மூன்றையும் சேர்த்து ஒட்டுமொத்தப் பட்டமும் உண்டு, ஜான்ஸ்கோ போட்ட கணக்கு அப்படியே. பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரென் ரேயஸ் அதைப் பல தடவை வாங்கியிருக்கிறார், இந்தத் தலைமுறையில் ஒன் பாக்கெட் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவருடைய வீடியோக்களைப் பாருங்கள். நேரில் போகிறீர்கள் என்றால் சாயங்கால ஆட்டம் பார்த்துவிட்டு அறைக்குத் தூங்கப் போய்விடாதீர்கள். நடுராத்திரிக்கு மேல் பந்தய மேசைகள் போட்டிருக்கும் அறை எது என்று விசாரித்து, ஒரு நாற்காலி பிடித்து, வாயைத் திறக்காமல் உட்காருங்கள்.